புளியமரத்தடியில் ஏன் பனி இறங்குவதில்லை?

கேள்வி: நான் கே.வி.குப்பம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. புவி வெப்பமாதல் பற்றிப் பாடம் எடுத்தபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "மிஸ், உள்ளே வர்ற சூடு வந்த வழியாவே வெளியே போக வேண்டியதுதானே? அந்தக் கரியமில வாயு எப்படி வர்றப்ப விட்டுட்டு போறப்ப மட்டும் தடுக்கும்?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டில் நைனாவிடம் சொன்னேன். அவர் மல்லாட்டையும் கேழ்வரகும் போடுகிற விவசாயி. "பத்தாயிரத்துல நாலு பங்கு இருக்கிற வாயு உலகத்தையே சுட வைக்குமா? வேலூரு என்னைக்கும் வெயிலூருதான். சூரியன் சுடுது, அவ்ளோதான்" என்கிறார். இரண்டு பேருக்கும் நான் என்ன சொல்லட்டும்?

பதில்:

டீச்சர், நீங்கள் பதில் சொல்வதற்கு முன்னால் உங்கள் நைனாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள். மார்கழி, தை மாதங்களில் எந்த ராத்திரி பனி அதிகம் இறங்கும்? நட்சத்திரம் தெளிவாகத் தெரிகிற ராத்திரியா, மேகம் மூடிய ராத்திரியா? அவர் யோசிக்காமல் சொல்லிவிடுவார், வானம் வெளுத்திருந்தால்தான் பனி என்று. அடுத்து இதையும் கேளுங்கள். விடிகாலையில் களத்து வைக்கோல் எல்லாம் ஈரமாக இருக்கும்போது, புளியமரத்தடியில் நிறுத்திய வண்டியின் சீட் மட்டும் ஏன் காய்ந்து கிடக்கிறது?

பனி மேலேயிருந்து மழை மாதிரி விழுகிறது, மரம் குடை பிடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் சிறு வயதில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பனி விழுவதில்லை. பொழுது சாய்ந்ததும் வைக்கோலும் வண்டியும் தங்கள் சூட்டைக் கதிராக வானத்தை நோக்கி வீசத் தொடங்குகின்றன. வானம் தெளிவாக இருந்தால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி போனது போனதுதான், திரும்பி வருவது குறைவு. அதனால் அவை சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகின்றன. மோர்ச் சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் காற்றிலுள்ள ஈரம் அவற்றின்மேல் படிகிறது. மரத்தடியில் இருக்கிற வண்டியும் சூட்டை வீசத்தான் செய்கிறது. ஆனால் மேலேயுள்ள இலைகளும் தங்கள் சூட்டைக் கீழ்நோக்கி வீசுவதால் செலவுக்கு ஈடாக வரவும் இருக்கிறது, சீட் குளிர்வதில்லை. மேகம் செய்வதும் இதே வேலைதான். 1814இல் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் இரவிரவாகக் கம்பளி ரோமத்தை வெளியில் வைத்து எடைபோட்டுப் பார்த்து இதை விளக்கினார். அதற்கும் முன்பே 18ஆம் நூற்றாண்டில், அலகாபாத்தில் குளிர்கால இரவுகளில் அகலமான மண்தட்டுகளில் தண்ணீர் ஊற்றித் திறந்தவெளியில் வைத்து ஐஸ் எடுத்திருக்கிறார்கள். காற்று உறைநிலைக்கு வராத ராத்திரியில்கூடத் தட்டில் ஐஸ் பிடித்தது. வானம் அவ்வளவு சூட்டை வாங்கிக்கொள்ளும்.

உங்கள் நைனா சூரியனை மட்டும் பார்க்கிறார். சூடு வருகிற பக்கம் அது. போகிற பக்கம் ராத்திரியில்தான் கண்ணுக்குத் தெரியும். புவி வெப்பமாதல் முழுக்க அந்தப் போகிற பக்கத்தில் நடக்கிற விஷயம். பயிருக்குப் பனி காவல் காத்த விவசாயிக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும் என்பதால்தான் அங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

இனி அந்தப் பையனுக்கு வருவோம். அவன் கேட்டது மிக நல்ல கேள்வி. வகுப்பில் அவனைப் பாராட்டிவிட்டுப் பதில் சொல்லுங்கள். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே பொருள் இல்லை என்பதுதான் விஷயம். கொல்லன் பட்டறையில் உலையிலிருந்து எடுத்த இரும்பைப் பார்த்திருப்பான். முதலில் மஞ்சள், அப்புறம் சிவப்பு, அப்புறம் கறுப்பு. கறுத்த பிறகும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் சுடுகிறது. தொடவில்லை, ஆனாலும் கைக்குச் சூடு தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சத்துக்கு அகச்சிவப்புக் கதிர் என்று பெயர். ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்து அது வீசுகிற வெளிச்சத்தின் ரகம் மாறும். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. அதனால் அது அனுப்புவதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதை ஒட்டிய கதிர்களும். பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் 15 டிகிரி. அதனால் பூமி திருப்பி அனுப்புவது முழுக்க அகச்சிவப்பு. மே மாதத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வருவது வெயில், போவது அந்த அனல். கரியமில வாயு வெயிலுக்கு ஏறத்தாழ கண்ணாடி மாதிரி. அனலுக்கு அது சுவர்.

"சரி, ஆனாலும் பத்தாயிரத்தில் நாலு பங்குதானே?" என்று நைனா விடமாட்டார். இந்தக் கேள்வியை மதித்துப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அளவு கம்மியாக இருந்தால் விளைவும் கம்மியாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்ஸிஜன், மீதியில் பெரும்பகுதி ஆர்கான். இந்த மூன்றும் அனலைத் தடுப்பதே இல்லை. நைட்ரஜனிலும் ஆக்ஸிஜனிலும் ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் ஒட்டி நிற்கின்றன, ஆர்கானில் ஒற்றை அணு. அகச்சிவப்பு பட்டால் அவை அசைந்துகொடுப்பதில்லை. கரியமில வாயுவில் நடுவில் ஒரு கார்பன், இரு பக்கமும் ஆக்ஸிஜன். அது வளைந்து நிமிர்ந்து ஆடும், அந்த ஆட்டத்துக்கு ஏற்ற அனல் வந்தால் பிடித்துக்கொள்ளும், பிறகு எல்லாப் பக்கமும் திருப்பி வீசும். நீராவி, மீத்தேன் எல்லாம் இந்த ரகம். 1859இல் ஜான் டிண்டால் இதைக் குழாயில் அடைத்து அளந்தே காட்டிவிட்டார். அதற்கு 3 ஆண்டுகள் முன்பு, 1856இல், யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, கரியமில வாயு நிரப்பியது மற்றதைவிட அதிகம் சூடாவதைக் கண்டு எழுதியிருந்தார். பல ஆண்டுகள் அவரை யாரும் நினைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். பாடம் எடுக்கும்போது உங்கள் பெண் பிள்ளைகளுக்கு அவர் பெயரை அவசியம் சொல்லுங்கள்.

வீட்டில் காட்ட ஒரு வழி இருக்கிறது. 15 லிட்டர் பக்கெட் தண்ணீரில் பத்தாயிரத்தில் நாலு பங்கு என்றால் 6 மில்லி. வெள்ளை வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை 6 மில்லி விட்டால் பக்கெட் என்ன நிறமாகும் என்று உங்கள் அம்மாவுக்கே தெரியும். தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் வெளிச்சத்தை மறிப்பது நீலம்தான். இன்னொரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. நம் தலைக்கு மேலே ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 10 டன் காற்று நிற்கிறது. அதில் கரியமில வாயு மட்டும் ஆறரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இயந்திரங்கள் வருவதற்கு முன்பு அது நாலரைக் கிலோவுக்குள் இருந்தது. ஒரு சதுர மீட்டர் என்பது ஒரு சாக்கு விரித்த இடம். களத்தில் விரித்திருக்கிற ஒவ்வொரு சாக்குக்கு மேலேயும் மனிதர்கள் சேர்த்துவிட்டது 2 கிலோவுக்கு மேல் என்று சொல்லிப் பாருங்கள், பத்தாயிரத்தில் நாலு என்ற சொல்லின் பலம் போய்விடும்.

இனிக் கணக்கு. சூரியனுக்கு நேர் எதிரே பிடித்த ஒரு சதுர மீட்டர் பலகையில், காற்றுமண்டலத்துக்கு வெளியே, 1,361 வாட் விழுகிறது. பூமி உருண்டை. அதன் பாதி எப்போதும் இருட்டு, மீதியிலும் வெயில் சாய்ந்து விழுகிற இடமே அதிகம். ஒரு பந்தின் நிழலும் பந்தின் முழுத் தோலும் ஒன்றுக்கு நான்கு. ஆகவே 1,361ஐ நான்கால் வகுத்தால் சதுர மீட்டருக்குச் சராசரி 340 வாட். அதில் சுமார் 100 வாட்டை மேகமும் பனிக்கட்டியும் மணலும் திருப்பி அடித்துவிடுகின்றன. நிற்பது 240. நிலவரம் மாறாமல் இருக்க வேண்டுமானால் அதே 240 வாட் அனலாக வெளியே போயாக வேண்டும். அனலைத் தடுக்கும் வாயுவே இல்லாத பூமியாக இருந்தால், 240 வாட்டை வெளியே தள்ளத் தரை மைனஸ் 18 டிகிரியில் இருந்தால் போதும். உண்மையில் பிளஸ் 15இல் இருக்கிறோம். அந்த 33 டிகிரிதான் நாம் உயிரோடு இருக்கக் காரணம். வாயுக்கள் இப்படி அனலைப் பிடித்துவைக்கும் பசுமை இல்ல விளைவு என்றாலே கெட்டது என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள், அதைத் திருத்திவிடுங்கள். அது நல்லது. அதைக் கூட்டிக்கொண்டே போவதுதான் கெடுதல்.

எப்படிக் கூடுகிறது என்பதை நைனாவுக்கு ஏரியை வைத்துச் சொல்லலாம். உங்கள் ஊர் ஏரி நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கோடியில் வழிகிற நாளை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக் கால்வாயில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவும் கோடியில் வழிந்து போகிறது, ஏரி மட்டம் அசையாமல் நிற்கிறது. இப்போது யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் கோடிமேல் இரண்டடிக்கு மணல் மூட்டை அடுக்கிவிட்டார்கள். வரத்து ஒரு சொட்டுக்கூடக் கூடவில்லை. ஆனால் போக்கு நின்றுவிட்டது, மட்டம் ஏறுகிறது. இரண்டடி ஏறிய பிறகு பழையபடி கோடி போகும், பழைய அளவே போகும். வரத்தும் போக்கும் மறுபடி சமம்தான், ஆனால் ஏரி இப்போது இரண்டடி உயரத்தில் நிற்கிறது, கரை ஓரத்து நிலம் முழுகிவிட்டது. சூரியன் கூடாமலே பூமி சூடாவது இப்படித்தான்.

இதில் நாம் எங்கே இருக்கிறோம்? கரியமில வாயு என்ற மூட்டையை அடுக்கிக்கொண்டே இருக்கிறோம், மட்டம் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் சார்லஸ் டேவிட் கீலிங் அளக்கத் தொடங்கியபோது கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிகாப் பனியில் சிக்கிய பழைய காற்றுக் குமிழிகளை எடுத்துப் பார்த்தால், கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் அது சுமார் 300க்கு மேல் போனதே இல்லை. இப்போது வருகிற கணக்குக்கும் போகிற கணக்குக்கும் உள்ள வித்தியாசம் சதுர மீட்டருக்கு ஒரு வாட்டை ஒட்டியது. கடையில் கிடைக்கிற எல்இடி ஜீரோ வாட் பல்பு ஒன்றிரண்டு எரிகிற அளவு. ஆனால் அந்தப் பல்பு பூமியின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும், கடல்மேலும் காட்டிலும், இரவு பகல் அணையாமல் எரிகிறது. மொத்தமாகக் கூட்டினால் உலக மக்கள் எல்லோரும் பயன்படுத்துகிற ஆற்றலைப்போல் சுமார் 20 மடங்கு. அதில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள் போகிறது. 2011 முதல் 2020 வரையான ஆண்டுகளின் சராசரி, 1850-1900 காலத்தைவிட 1.1 டிகிரி கூடிவிட்டது. கடல் வாங்கிக்கொள்ளாமல் இருந்திருந்தால் இந்த எண் இவ்வளவு சின்னதாக இருந்திருக்காது.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் யாராவது உங்களிடம், "அந்த வாயு பிடிக்க வேண்டிய அனலை எல்லாம் ஏற்கெனவே பிடித்துவிட்டது, இன்னும் சேர்த்தால் என்ன ஆகிவிடும்" என்பார்கள். 1900 வாக்கில் விஞ்ஞானிகளே இப்படித்தான் நினைத்தார்கள், அதனால் கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896இல் ஸ்வான்டே அர்ரீனியஸ் என்ற விஞ்ஞானி போட்ட கணக்கு பல காலம் ஓரங்கட்டப்பட்டது. பதில் ஏலகிரிச் சாலையில் இருக்கிறது. பொன்னேரியில் பஸ் ஏறி 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே இறங்கினால் நாலைந்து டிகிரி குளிர்ந்திருக்கும். உயரம் போகப் போகக் குளிர், கிலோமீட்டருக்குச் சராசரி ஆறரை டிகிரி. தரையிலிருந்து கிளம்பும் அனலில் பெரும்பகுதி நேராக விண்வெளிக்குப் போவதில்லை. பிடிபட்டு, வீசப்பட்டு, மறுபடி பிடிபட்டு, படிப்படியாக மேலே ஏறி, வாயு மெலிந்த உயரத்தில்தான் தப்பிக்கிறது. அந்த உயரம் சராசரியாக 5 கிலோமீட்டர். வாயுவைக் கூட்டினால் தப்பிக்கும் இடம் இன்னும் மேலே போகிறது. அங்கே குளிர் அதிகம். குளிர்ந்த இடம் குறைவாகத்தான் வீசும். ஆகவே கீழே எவ்வளவு பிடித்து முடித்திருந்தாலும், மேலே மூட்டை ஏறிக்கொண்டே இருக்கிறது. இதை முறையாகக் கணக்கிட்டவர்களில் முதன்மையானவர் சியூகுரோ மனாபே. 1967இல் செய்த வேலைக்கும் அதன் தொடர்ச்சிக்கும் 2021இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.

சூரியனே கூடுதலாகச் சுடுகிறதோ என்ற சந்தேகமும் நியாயமானதே. நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறது. 1978 முதல் செயற்கைக்கோள்களும் அளக்கின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். இன்னும் ஒரு சாட்சி உண்டு. சூரியன் காரணமாக இருந்தால் காற்றுமண்டலம் கீழிருந்து மேல்வரை முழுதும் சூடாக வேண்டும். நடப்பது வேறு. கீழ் அடுக்கு சூடாகிறது, அதற்கு மேலுள்ள அடுக்கு குளிர்கிறது. போர்வைக்கு உள்ளே சூடு, வெளியே குளிர். தவிர, நிலப்பரப்பில் இரவுகள் பகலைவிட வேகமாகச் சூடாகி வந்திருக்கின்றன. இரவில் சூரியன் இல்லையே!

இனி நைனாவின் வெயிலூர். இதில் அவர் சொல்வது உண்மை. பாறை மலை, பாலாற்று மணல், கடலிலிருந்து தூரம். சென்னைக்கு மதியமே வருகிற கடற்காற்று நமக்கு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும், பல நாள் வருவதே இல்லை. மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது பழைய செய்திதான். ஒரு குறிப்பிட்ட கத்திரி நாளின் வெயிலைக் காட்டி "பார், புவி வெப்பமாதல்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்வது தவறு, அவர் உங்களை நம்பவும் மாட்டார். சிமென்ட் வீடு பெருகியது, ஏரி தூர்ந்தது, சாலையோரப் புளியமரங்களை வெட்டியது எல்லாம் ஊர்ச் சூட்டில் தனியாகச் சேருகின்றன.

ஆனால் "சூரியன் சுடுது, அவ்ளோதான்" என்பதை மட்டும் விடாதீர்கள். சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டில் இரண்டு நாள், ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். அன்று மதியம் நட்டு வைத்த குச்சிக்கு நிழல் விழாது. இரண்டு நாளும் ஒரே சூரியன், ஒரே உச்சி. ஆகஸ்டில் ஏன் அவ்வளவு வேகவில்லை? மேகம் வெயிலைத் திருப்பி அடிக்கிறது, ஈர மண் சூட்டை நீராவியாக்கி அனுப்பிவிடுகிறது. ஏப்ரல் 24இல் உச்சி தொட்ட சூரியனுக்கு ஏன் மே 4இல்தான் கத்திரி பிறக்கிறது? வரவு செலவைவிட அதிகமாக இருக்கும்வரை சூடு சேர்ந்துகொண்டே போகும். உச்சி வெயில் 12 மணிக்கு என்றாலும் புழுக்கம் 3 மணிக்கு உச்சம் தொடுவதும் இதனால்தான். எல்லாவற்றையும்விட, பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். ஜூலையைவிட 50 லட்சம் கிலோமீட்டர் பக்கத்தில். அதாவது நாம் ஸ்வெட்டர் தேடுகிற அதே மார்கழியில்!

வகுப்புக்கு ஒரு யோசனை. இரண்டு பாட்டில், ஒன்றில் சோடா உப்பும் வினிகரும் போட்டுக் கரியமில வாயு, மேலே விளக்கு என்று ஒரு சோதனை பலரும் செய்கிறார்கள். அதைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே தெரியும் சூட்டு வித்தியாசம் பெரும்பாலும் கனமான வாயு மேலே எழாமல் தேங்குவதால் வருவது. விண்வெளிக்கு அனல் போவதோடு அதற்குத் தொடர்பு இல்லை. மார்கழி வரட்டும். ஒரே மாதிரி இரண்டு சில்வர் தட்டுகளின் உட்புறத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்து, அடியில் தெர்மாக்கோல் வைத்து, ஒன்றைத் திறந்த மைதானத்திலும் மற்றதைப் பள்ளிக்கூடப் புங்கமரத்தடியிலும் வைக்கச் சொல்லுங்கள். பளபளப்பான தட்டு அனலை அவ்வளவாக வீசாது, கறுப்பு முக்கியம். அருகில் குடியிருக்கும் பிள்ளைகள் காலை 6 மணிக்கு, வெயில் படுவதற்கு முன், எதில் எவ்வளவு ஈரம், வானம் எப்படி இருந்தது என்று 20 நாள் எழுதிவைக்கட்டும். மேகம் மூடிய நாளும் தெளிந்த நாளும் நோட்டில் தனித்தனியாகத் தெரியும்.

நான் சில ஆண்டுகளுக்கு முன் தை மாத ராத்திரி ஒன்றில், தொழிற்சாலைகளில் தூரத்திலிருந்தே சூடு பார்க்கும் துப்பாக்கி மாதிரியான தெர்மாமீட்டரை எங்கள் மாடியிலிருந்து வானத்தை நோக்கிப் பிடித்தேன். தெளிந்த வானத்துக்குப் பூஜ்யத்துக்குக் கீழே காட்டியது. கால்மணி நேரத்தில் ஒரு மேகத் துண்டு தலைக்கு மேலே வந்தது, எண் மளமளவென்று ஏறியது. காற்று அப்படியே இருந்தது, நானும் அதே இடத்தில்தான் நின்றிருந்தேன். அந்தக் கருவி பள்ளிக்குக் கிடைத்தால் அந்தப் பையன் கையில் முதலில் கொடுங்கள். உங்கள் நைனாவையும் ஒரு நாள் காலையில் மைதானத்துக்கு அழைத்துப்போய் இரண்டு தட்டையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர்,
காட்பாடி